ஈரக்குலை

ஜெல்லி குளிர்ந்தது.
விலாவின் கீழ் கருவியை அழுத்தியபடி
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள் அந்தப் பெண்:
"குடிக்கிற பழக்கம் உண்டா?"
புரட்டாசி முழுக்க விரதம் இருக்கிறவளிடம்.

திரையில் என் கல்லீரல்
பனிமூட்டத்தில் முன்விளக்கு போட்ட லாரி மாதிரி
வெளேரென்று ஒளிர்ந்தது.
நல்ல ஈரல் மங்கலாக இருக்குமாம்.
எனக்கு வாய்த்த ஒளியெல்லாம் கொழுப்பு.

இருபத்திரண்டு வருடம்
ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தேன்.
மிதியை அமுக்கி அமுக்கி
என் வலது பாதம் கேப்டவுன் வரை போய்த் திரும்பியிருக்கும்.
இடுப்பு இருந்த இடத்திலேயே இருந்து
அகன்றது.
மதியம் பீன்ஸ் கறி ஊற்றிய கால் ரொட்டி, பன்னி சாவ்.
நாலு மணிக்கு மூன்று கரண்டி சர்க்கரையோடு தேநீர்,
கூடவே கேக்.
நாற்பது பேர் வரிசையில்
வாரத்துக்கு ஒருத்தி பிறந்துகொண்டே இருந்தாள்.

பயம் வந்தால் அம்மா சொல்வாள்,
ஈரக்குலை நடுங்குது என்று.
என்னுடையது நடுங்கவில்லை.
நடுங்க இடம் இல்லை அதற்கு.

கல்லா, ஈரமா?
பேரிலேயே வழக்கு நடக்கிற உறுப்பு.

சங்கதி கேள்விப்பட்ட நாத்தனார் நீலாவதி
ஆறுதல் சொல்ல வந்து
பூபாலனின் பாட்டில்களை எண்ணிவிட்டுப் போனாள்.
அண்ணன் குடிக்க, அண்ணிக்கு ஈரல் போகுமா என்று
ஊர் யோசிக்கட்டும்.

டாக்டர் நாய்க்கர் மாத்திரை எழுதவில்லை.
"நடங்க. வாரத்தில் அஞ்சு நாள், அரை மணி.
நடக்கும்போது பேச முடியணும்,
பாட முடியக்கூடாது.
அதுதான் வேகம்."

சாட்ஸ்வொர்த்தில் நடப்பதா!
ஒரு சட்டத்தைக் காட்டி
எங்களை இந்த மேடுகளில் கொட்டிவிட்டுப் போனவர்கள்
முழங்கால்களைக் கேட்கவில்லை.
முதல் நாள் மூன்றாவது மின்கம்பத்தில் நின்றுவிட்டேன்.
மதில்மேல் ஒரு குரங்கு
யார் வீட்டு வாழைப்பழத்தையோ உரித்தபடி
என்னைப் பார்த்தது.
அது ஒல்லி.

மின்வெட்டு இருட்டில், கைபேசி வெளிச்சத்தில்,
நாய்களுக்கு ஒரு கை, மூச்சுக்கு ஒரு கை.
பள்ளிக்கூட வாசலில் காவல்காரர் ம்கீஸே சொல்வார்:
"சாவுபோனா."
அவர்கள் மொழியில் அது வணக்கம்,
உன்னைக் காண்கிறோம் என்று அர்த்தம்.
என் காதில் மட்டும்
பாதியில் நின்ற தமிழ் வாக்கியம்.
சாவு போனா...
போனா?
"யேபோ" என்பதற்குள் இரண்டு மூச்சு ஆகிவிடும்.

ஆறாவது கம்பம்.
கோயில் வளைவு.
பிறகு ஒருநாள் உச்சி.
அங்கிருந்து கடல்
பிரியாத தையல்போல ஒரு நீலக் கோடு.
இத்தனை வருடம் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது,
என் இடுப்பைப் போல.

நாலு மாதம் கழித்து மருந்துக்கடைத் தராசில்
தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று மூன்றாகி இருந்தது.
செருப்பைக் கழற்றியிருந்தேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
காரில் உட்கார்ந்து அழுதேன்.
ஆறு சமோசா வாங்கினேன்.
இரண்டு தின்றேன், மிச்சம் பூபாலனுக்கு.
ஏன் அழுகை என்று கேட்கவில்லை,
சமோசாவில் மிளகாய் அதிகம் என்றார்.

அதே பெண், அதே குளிர்ந்த ஜெல்லி.
"குறைஞ்சிருக்கே" என்றாள்.
"எடை குறையலியேம்மா."
"எடை வேற. இது வேற."
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
விடியலுக்கு முந்தின வானத்தின் சாம்பல் நிறம்.
அழகு என்று சொல்ல முடியாது.
ஆனாலும் தராசின் கண் படாத இடத்தில்
யாரோ இரவு ஷிஃப்ட் பார்த்திருக்கிறார்கள்,
கூலி கேட்காமல்.

பாவாடை நாடா மட்டும்
அதே முடிச்சில்.

இன்று காலை ம்கீஸே கையசைத்தார்.
"சாவுபோனா, கோகிலம்."
பேர் சொல்லிக்கொடுத்தது நினைவில்லை.
மழை வரும்போல என்றேன், மேட்டில் ஏறிக்கொண்டே,
அவர் பிள்ளையின் பரீட்சையையும் கேட்டேன்.
வளைவு தாண்டி, யாரும் இல்லாத இடத்தில்
ஒரு பழைய பாட்டின் முதல் அடியை எடுத்தேன்.
வரவில்லை.

சரியான வேகம்.